வெட்டிய பக்கங்கள் வீடு திரும்பும் இடம்

வாங்க, இந்தப் பக்கமா வாங்க. முன்வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பையை வெளியே வைத்துவிட்டு, சத்தமில்லாத வாசிப்பறையில் போய் உட்காரலாம். கேட்ட இதழ் தூசி தட்டி, உறை போட்டு, மேசைக்கு வந்து சேரும். நாம் போகப்போவது பின்வாசல். சென்னையில் பழைய தமிழ் இதழ்களைச் சேர்த்துக் காக்கும் ஒரு நூலகத்தின் பின்கட்டை ஆசை தீரச் சுற்றிப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. "எங்க பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றார் நூலகர் அம்மா. "போட்டீங்கன்னா நாளைக்குக் காலையில வாசல்ல இருபது மூட்டை வந்து இறங்கிடும். வெக்க இடமில்ல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதனால் பெயர் இல்லை. மற்றதெல்லாம் உண்டு. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பின்வாசலில் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து இரவெல்லாம் ஓடி வந்திருக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் வேனிலிருந்து உறவுக்காரர்கள் இறங்குவதுபோல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் மூட்டைகள் இறங்குகின்றன. அரிசிச் சாக்கில் கொஞ்சம், டிவி வந்த அட்டைப்பெட்டியில் கொஞ்சம், பழைய வேட்டியில் முடிந்தது கொஞ்சம், தகர டிரங்குப் பெட்டியில் பூட்டியது கொஞ்சம். டிரங்குப் பெட்டிக்குச் சாவி இல்லை. "சாவி எங்க வெச்சேன்னு அவளுக்குத்தான் தெரியும்" என்கிறார் வண்டியோடு வந்த பெரியவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூர் போகிறார். அங்கே அடுக்குமாடி வீட்டில் பரண் கிடையாது.

மூட்டை தூக்கும் அண்ணன் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றியதும் முனகுகிறார். "என்ன சார் இது, உள்ள ஆளு இருக்கா?"

"வந்தியத்தேவன் இருக்கான், குதிரையோட" என்று பட்டென்று சொல்கிறார் ஆசிரியர். சாக்கில் 'பொன்னியின் செல்வன்' வந்த இதழ்கள். பின்கட்டே சிரிக்கிறது.

முதல் அறைக்குள் நுழைந்ததும் வியர்த்துக் கொட்டுகிறது. மேலே பார்த்தால் மின்விசிறி இருக்கிறது, ஆனால் சுற்றவில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார்கள். வேலை நடக்கும்போது இங்கே விசிறியைப் போடக்கூடாதாம். எழுபது வருஷத் தாள் அப்பளமாக நொறுங்கும். காற்றடித்தால் ஒரு பக்கம் பத்துத் துண்டாகி அறை முழுக்கப் பறக்கும். பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்த கூழில் செய்தது. அந்தக் கூழிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு அமிலமாகி, தாளை முதலில் மஞ்சளாக்கும், பிறகு பழுப்பாக்கும், கடைசியில் பொடியாக்கும். நாம் வாசிப்பறையில் ஏசிக் காற்றில் ஒரு இதழைப் புரட்ட, இங்கே நான்கு பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகி, முகமூடிக்குள் வியர்த்தபடி, ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பக்கமாகத் தூசி தட்டுகிறார்கள். எப்போதும் உள்ளிருந்து வெளியே, முதுகுப் பக்கத்திலிருந்து ஓரத்துக்கு. ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது.

பூச்சி உயிரோடு இருக்கும் கட்டு தனி. அதை உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டி ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். "ஒண்ணு உள்ள போச்சுன்னா மொத்தக் குடும்பமும் குடி வந்துடும்." புத்தகப் பூச்சிகளுக்குப் பசைதான் விருந்து. அந்தக் காலத்து பைண்டர்கள் இது தெரிந்தே மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். கலந்தவர் யார், கலக்காமல் விட்டவர் யார் என்பதை இந்தப் பெண்கள் முதுகு அட்டையைத் தடவிப் பார்த்தே சொல்கிறார்கள்.

ஜன்னலோரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் துருப்பிடித்த கம்பிகள். இதழ்களின் நடுவிலிருந்து கழற்றிய பின்கள். துரு தாளைத் தின்பதால், வந்த இதழுக்கு முதல் மரியாதையே பின்னைப் பிடுங்குவதுதான். பாட்டில் நிறைந்தால் டீயோடு பஜ்ஜி உண்டு என்று இந்த அறையில் ஒரு வழக்கம். பாட்டில் இன்று கழுத்துவரை வந்திருக்கிறது. எல்லார் கண்ணும் அதன்மேல்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் பிஸ்கட் டப்பா. பக்கங்களுக்கு நடுவில் கிடைத்ததெல்லாம் அதில் சேர்கிறது. டவுன்பஸ் டிக்கெட், மயிலிறகு, ரேஷன் சீட்டு, சலவைக்குப் போட்ட துணிக்கணக்கு, பால்பாயிண்ட் பேனாவில் போட்ட புள்ளிக்கோலம், டாக்டர் சீட்டு, எழுதி அனுப்பாமல் விட்ட வாசகர் கடிதம். எந்த இதழில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றோடும் வைக்கிறார்கள். ஒரு வீடு ஒரு பத்திரிகையை எப்படி வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

அடுத்தது பிரிக்கும் மேசை. இங்கேதான் கச்சேரி களைகட்டுகிறது! பெயர்வாரியாக, வருஷவாரியாக, வாரவாரியாக இதழ்கள் அடுக்கப்படுகின்றன. ஆனந்த விகடன் 1926இல் பிறந்தது, கலைமகள் 1932இல், கல்கி 1941இல், குமுதமும் அம்புலிமாமாவும் 1947இல். பெயரும் தேதியும் இருந்தால் வேலை சுலபம். அட்டை கிழிந்து, முதல் நான்கு பக்கமும் போய், அனாதையாக வந்து நிற்கும் இதழுக்கு என்ன செய்வது?

"துப்பறியணும்" என்கிறார் மேசைத் தலைவர். முப்பது வருஷ அனுபவம் அவர் விரலில் இருக்கிறது. ஒரு தலையில்லாத இதழை என் முன்னால் வைத்து, "கண்டுபிடிங்க" என்றார். நான் புரட்ட, அவர் தூண்டிக்கொண்டே வந்தார். விளம்பரத்தில் விலை என்ன? அணாவில் இருக்கிறதா, நயா பைசாவிலா? நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, 1964இல் "நயா" உதிர்ந்தது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு உண்டா? அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. "சென்னை மாநிலம்" என்று இருக்கிறதா, "தமிழ்நாடு" என்றா? 1969 ஜனவரி அதற்கு எல்லைக்கோடு. லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் இருக்கின்றனவா? எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978இல் வந்தது. எல்லா அச்சகமும் அன்றைக்கே மாறிவிடவில்லை என்பதால், அந்தத் தடயத்தை மட்டும் தனியாக நம்பக்கூடாது. இதழ் ரொம்ப ஒல்லியா? இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாடாக இருக்கலாம்.

பிறகு தொடர்கதை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கியில் ஓடியது. அத்தியாய எண் தெரிந்தால் வாரம் எண்ணிவிடலாம். "ஆனா ஏமாந்துடக்கூடாது. அதே கதையைக் கல்கி பின்னாடியும் தொடரா போட்டிருக்கு. படம் மணியம் போட்டதா, வேற ஓவியரான்னு பாருங்க" என்றார். நான் வந்தியத்தேவனின் முண்டாசை உற்றுப் பார்த்தேன். மணியம்! அணா விலை. அத்தியாயம் தெரிகிறது. மேசைத் தலைவர் ஒரு பழுப்பு நோட்டைத் திறந்து விரலை ஓட்டி நிறுத்தினார். அந்த நோட்டுக்கு அறையில் "காணாமப் போனவங்க பட்டியல்" என்று பெயர். நூலகத்தில் இல்லாத இதழ்கள் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் பிடித்த வாரம் அதில் இருந்தது. சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. "வந்தாச்சு!" என்று அவர் குரல் கொடுக்க, தூரிகை அறையிலிருந்து பதிலுக்குக் கைதட்டல் வந்தது. நானும் தட்டினேன்.

மகிழ்ச்சி எவ்வளவு உண்டோ, ஏமாற்றமும் அதே மேசையில் அவ்வளவு உண்டு. கும்பகோணத்திலிருந்து வந்த விகடன் கட்டைப் பிரித்ததும் ஒருவர், "இதுலயும் போச்சுங்க" என்று தூக்கிக் காட்டினார். நடுவில் ஜன்னல். நான்கு பக்கங்களை யாரோ கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரத்திலும் அதே இடத்தில் ஜன்னல், அதற்கடுத்த வாரத்திலும். 'தில்லானா மோகனாம்பாள்'! கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் எழுத, கோபுலு படம் போட்ட தொடர். "திருச்சியிலேர்ந்து வந்த கட்டுலயும் இதே பக்கம் இல்ல. காரைக்குடிக் கட்டுலயும் இல்ல. எல்லா வீட்டுலயும் ஒரே பக்கத்தைத்தான் வெட்டியிருக்காங்க."

அந்த நிமிஷம் எனக்குள் ஒன்று பளிச்சென்று விளங்கியது. தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாரப் பத்திரிகை வந்தால் முதலில் யார் படிப்பது என்று சண்டை. எல்லாரும் படித்த பிறகு தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கத்தரித்துச் சேர்ப்பார்கள். கதை முடிந்ததும் ஊசிநூலால் தைத்தோ, பைண்டரிடம் கொடுத்தோ புத்தகமாக்குவார்கள். மிச்ச இதழ் பழைய பேப்பர்க்காரருக்குப் போகும். அதனால் ஊரே அதிகமாக நேசித்த பக்கங்கள்தான் இன்று இதழ்களில் அதிகமாகக் காணாமல் போயிருக்கின்றன. அவை பத்திரமாக இருக்கும் இடம் வீடுகள். ஒரு வீட்டில் இதழ் இருக்கிறது, கதை இல்லை. இன்னொரு வீட்டில் கதை இருக்கிறது, இதழ் இல்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கிற இடம்தான் நான் வியர்க்க வியர்க்க நிற்கிற இந்த அறை.

டீ வந்தது. பாட்டிலில் இன்னும் இரண்டு விரற்கடை காலி என்று யாரோ அளந்து சொன்னார்கள். இருந்தும் பெரியவர் வந்திருக்கிறார் என்று பஜ்ஜியும் வந்தது. இதழ்கள் இருக்கும் இடத்தில் எண்ணெய்க்கை கூடாது. எல்லாரும் கிணற்றடி வேப்பமரத்துக்குக் கீழே.

பேச்சு ரோஜா முத்தையாவிடம் போனது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் டீ குடித்தால் அவர் வராமல் இருக்கமாட்டார். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கடல் கடக்கவிடவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. "படிக்கிறவங்க இங்க இருக்காங்க, தாள் எதுக்கு அங்க போகணும்?" என்றார் நூலகர் அம்மா. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி தங்கள் சம்பாத்தியத்தில் வளர்த்த ஞானாலயாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் சொந்த அண்ணன் வீட்டுப் பெருமை.

கொழும்புப் பக்கம் படித்துவிட்டு வந்த இளம் ஊழியர் ஒருவர் யாழ்ப்பாண நூலகத்தை நினைவுபடுத்தினார். 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் போயின. இன்னொரு படி எங்குமே இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய ஆவணகம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிப் பல பத்தாண்டு நடத்திய 'மல்லிகை'யின் ஒரு பழைய பிரதி எங்கோ ஒரு வீட்டு அலமாரியில் கிடந்தால், அதற்கு அங்கே இடம் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது ஆபத்து என்பதை எங்களுக்கு அந்த நெருப்புதான் சொல்லிக்கொடுத்தது என்றார் அவர். கொஞ்ச நேரம் யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

தொலைபேசி அடித்தது. நூலகர் அம்மா ஒலிபெருக்கியில் போட்டார். "அம்மா, எங்க மாமனார் வெச்சிருந்த பத்திரிகை ஒரு ரூம் நிறைய இருக்கு. நாளைக்கு அனுப்பிடட்டுமா?"

"என்னென்ன இருக்கும்மா?"

"எல்லாம் பழசு."

"எந்த வருஷம், எந்தப் பத்திரிகைன்னு ஒரு தாள்ல எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்."

"அப்ப வேணாம்னு சொல்லிடுவீங்களா?"

"சிலது எங்ககிட்ட ரெண்டு மூணு இருக்கும். அதை வேற நூலகத்துக்குச் சொல்லிவிடுவேன். தூக்கி மட்டும் போட்டுடாதீங்க, சரியா? உங்க மாமனாருக்கு ஏதாவது சங்கம், கட்சி, பள்ளிக்கூடம்னு தொடர்பு உண்டா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் கேள்வி. பெரிய வார இதழ்கள் பல வீடுகளில் இருக்கும். ஒரு சின்ன ஊரில் நாலு பேர் சேர்ந்து நடத்தி ஆறே இதழில் நின்றுபோன சிற்றிதழ், பள்ளி ஆண்டுமலர், தொழிற்சங்கச் செய்தி மடல், சாதிச் சங்கப் பத்திரிகை, கோயில் குடமுழுக்கு மலர் ஆகியவை ஒரு வீட்டில் மட்டும்தான் இருக்கும். மறுமுனையில் அந்தம்மா, "அவர் நெசவாளர் சங்கத்துல செயலாளரா இருந்தார், அவங்க பத்திரிகை ஒரு கட்டு இருக்கு" என்றதும் நூலகர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "அதை முதல்ல எடுத்துத் தனியா வைங்கம்மா. நானே வர்றேன்!"

இப்போது ஏசி அறை. படம்பிடிக்கும் இடம். கறுப்புத் திரை, இருபுறமும் விளக்கு, மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா, கீழே இதழை V வடிவில் ஏந்தும் மரத்தொட்டில். கட்டடத்திலேயே குளிர்ச்சியான அறை இதுதான் என்பதால் பேனா கேட்க, மணி பார்க்க என்று ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கேமராவை இயக்கும் தம்பி எல்லாரையும் விரட்டுகிறார். என்னையும் விரட்டப் பார்த்தார். அசையாமல் மூலையில் நின்றேன்.

பக்கம் புரட்டுவதற்கு அவர் விரல்நுனியைப் பயன்படுத்துவதில்லை. உள்ளங்கையைத் தாளுக்கடியில் நுழைத்து, தூங்கும் குழந்தையின் தலையைத் திருப்பும் பக்குவத்தில் திருப்புகிறார். கண்ணாடி இறங்குகிறது, விளக்கு மினுங்குகிறது, கண்ணாடி எழுகிறது. நடுநடுவே தானாகச் சிரிக்கிறார். விகடன் அட்டை ஜோக்குகள்! "இதுக்குச் சம்பளமும் தர்றாங்க சார்" என்று என் காதில் சொன்னார்.

அவருக்கு ஒரு குறை. 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை அவர் படம்பிடித்துக்கொண்டே வாரம் வாரமாகப் படித்து வருகிறார். பாட்டி காலத்துத் தொடருக்கு இவர் புதிய வாசகர். ஒரு திருப்பத்தில் "தொடரும்" என்று நிற்க, அடுத்த இதழில் ஜன்னல். "புத்தகமா கிடைக்குமே தம்பி?" என்றேன். "தெரியும் சார். சினிமாவும் பார்த்துட்டேன். ஆனா கோபுலு சார் படத்தோட, அந்த வாரத்து விளம்பரம், துணுக்கோட படிச்சிட்டு வந்தேன். இடையில இறங்க மனசு வரல." மாதக்கணக்கில் காத்திருக்கிறாராம்.

வெளியே பெரியவர் இன்னும் கிளம்பவில்லை. மகள் மணி பார்க்கிறார். மூட்டையெல்லாம் இறங்கிவிட்டது. ஆனால் அவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. மூட்டைகளோடு அதைக் கொடுக்கவில்லை. நூலகர் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அதுல என்ன சார்?" என்றார்.

பைக்குள் ஒரு பைண்டு புத்தகம். காலிகோ முதுகு, பொன்னெழுத்து, ஓரத்தில் மனைவியின் பெயர். திறந்தால் கோபுலுவின் கோடுகள். வெட்டிய பக்கங்கள், வரிசை மாறாமல், ஒன்றுகூட விடாமல்! "அவ வெட்டினது. நானே பைண்டர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். இதைக் குடுக்க மட்டும்..." என்று நிறுத்தினார்.

"குடுக்கவே வேணாம் சார். இங்கயே உக்காருங்க. படம் எடுத்துட்டு உங்க கையிலயே தர்றோம்."

அடுத்த பத்து நிமிஷத்துப் பின்கட்டைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. ஏசி அறைக்குள் ஊழியர் கூட்டம், இந்தத் தடவை யாரும் யாரையும் விரட்டவில்லை. தம்பி தொட்டிலில் புத்தகத்தை வைக்கிறார். பக்கத்தில் பெரியவருக்கு நாற்காலி. கண்ணாடி இறங்கி எழ எழ, கணினித் திரையில் ஒவ்வொரு ஜன்னலாக மூடுகிறது: கும்பகோணத்து இதழில் கும்பகோணத்துப் பக்கம், அதே கத்தரிக்கோல் ஓரம், அப்படியே பொருந்துகிறது. ஒரு மூலை மட்டும் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. "அன்னிக்குக் குக்கர் விசில் அடிச்சிருக்கும்" என்றார் பெரியவர். அறை அதிரச் சிரிப்பு. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. தான் காத்திருந்த வாரத்தை மூச்சுவிடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பை அவரோடு பெங்களூர் போனது. இதழ்கள் இங்கே இருக்கின்றன. கதை இரண்டு இடத்திலும் இருக்கிறது. திண்டிவனத்து மாணவியோ டொராண்டோவில் ஆராய்ச்சி செய்பவரோ இனி அந்த வாரத்தை, அந்த வாரம் வந்தபடியே படிக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கிறது, எனக்குத் தெரியும். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடும் முன், பின்கட்டுக்காரர்கள் சொல்லியனுப்பியதைக் கேளுங்கள். கிழிந்த பக்கத்துக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசைக்கறை பிறகு எதற்கும் போகாது. வெயிலில் காயப்போடாதீர்கள். கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், ஓரம் அறுபடும்; நிற்கவைக்காமல் அட்டைப்பெட்டியில் படுக்கப்போடுங்கள். பெயர், வருஷம், மாதம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். யார் படித்தது, எந்த ஊர் என்று இரண்டு வரி சேருங்கள். அட்டை இல்லாததை, பாதி போனதை, ஒற்றை இதழாக நிற்பதை வெட்கப்பட்டு ஒதுக்காதீர்கள். பாட்டி வெட்டித் தைத்த தொடர்கதை இருந்தால் அதைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். கொடுக்க மனமில்லையா, படம்பிடிக்க மட்டும் கொடுங்கள்.

எழுதிய பட்டியலை உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆய்வு நூலகத்துக்கு இந்த வாரமே அனுப்புங்கள். காணாமல் போனவர்கள் நோட்டும் சிவப்புப் பென்சிலும் அங்கே தயாராக இருக்கின்றன. உங்கள் வீட்டு இதழுக்காக ஒருவர் "வந்தாச்சு!" என்று கூவ, நான்கு பேர் கைதட்டக் காத்திருக்கிறார்கள்.